இரண்டு நாள் விளக்கெண்ணெய்

கடத்தூர்ப் பக்கம் யார் வீட்டு மாடு அசை போடாமல் நின்றாலும் முதலில் மாதேஷைத்தான் கூப்பிடுவார்கள். வயிறு உப்பினால் எண்ணெய், தீனி எடுக்காவிட்டால் கஷாயம். பெரும்பாலும் பலித்துவிடும். அதனால் மனுஷனுக்குப் பாதி டாக்டர் என்ற நினைப்பு.

திங்கட்கிழமை காலையில் அவனுடைய கடுவன் பூனை சின்னான் வாசல் மணலைப் பறித்து உட்கார்ந்தது. முக்கியது. எழுந்து இரண்டடி தள்ளிப் போய் மறுபடி உட்கார்ந்தது. ஒன்றும் வரவில்லை.

"மலச்சிக்கல்தான்," என்று சொல்லி மாதேஷ் விளக்கெண்ணெய் புகட்டினான்.

மறுநாள் அது சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. அடிவயிற்றை நக்கிக்கொண்டே கத்தியது. மத்தியானம் வாந்தி எடுத்தது. அவன் மனைவி காவேரிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாங்க. அது கத்தறதே வேற மாதிரி இருக்குது."

"பூனையத் தூக்கிக்கிட்டு மாட்டு ஆஸ்பத்திரியில போயி நிக்கச் சொல்றியா? பாக்கறவன் சிரிப்பான். இன்னொரு வேளை குடுத்தா சரியாப் போயிரும், போ."

புதன்கிழமை காலையில் சின்னான் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் மாதேஷ் எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தான். பூனையைப் பழைய துண்டில் சுற்றிக் காவேரி மடியில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினான்.

டாக்டர் பாரதி அடிவயிற்றைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது. "கடைசியா எப்பங்க ஒன்னுக்குப் போச்சு?"

எந்த மாடு எத்தனை தரம் சாணி போட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன், காவேரியைத் திரும்பிப் பார்த்தான்.

"இது மலச்சிக்கல் இல்லீங்க, மூத்திரம் அடைச்சிருக்குது. கடுவனுக்கு இது வரும். முக்கி முக்கி ஒரு சொட்டும் வரலைன்னா அன்னிக்கே தூக்கிட்டு வந்திரணும்."

அவர் அவசரமாகக் குழாயை எடுத்தார். அதைச் செருகுவதற்குள் சின்னானுக்கு மூச்சு நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் காவேரி திட்டுவாள் என்று மாதேஷ் காத்திருந்தான். திட்டினால் தேவலை போலிருந்தது. அவள் மடியிலிருந்த துண்டை இழுத்து மூடினாள்.

"வேற யாரு குடுத்திருந்தாலும் துப்பியிருக்கும்," என்றாள் கடைசியில். "உங்க கையின்னுதாங்க அதை முழுங்குச்சு."

மாதேஷுக்குச் சாலை தெரியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, போகிறவர் வருகிறவர் பார்க்க வாய்விட்டு அழுதான்.