வரிசையில் அடுத்தவள்

பிளாஸ்டிக் உறையின் ஸிப்பை ஆஸ்பத்திரி ஊழியன் இன்சாஃபின் கழுத்துவரை ஒருவழியாக இழுத்து ஏற்றிவிட்டான். அதற்கு மேல் ஏற்றவிடாமல் மகள் நாஹித் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் உதறிக்கொண்டான். அந்நியப் பெண் தொட்டுவிட்ட கூச்சம் அல்ல அது. சற்று முன் அதே கை தாயின் கண்களை மூடியதை அவன் பார்த்திருந்தான்.

தலைமை நர்ஸ் ஹிக்மத் வாசலில் நின்றபடியே சட்டம் சொன்னாள். வார்டுக்குள் வராமலே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வித்தையில் அவளை மிஞ்ச நைல் கரையில் ஆள் இல்லை. ஹெபடைடிஸ் சி கேஸ் என்றால் இரண்டு உறை. வீட்டில் திறக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, அப்படியே மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும்.

"கிருமிதான் போயிருச்சே. மாத்திரை கொடுத்தது நீங்க. ரத்தம் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொன்னதும் நீங்க. ஈரல் அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு, அதுல செத்தாங்க," என்றாள் நாஹித்.

"போயிருக்கலாம்மா. கையில சிவப்புப் பட்டை இருக்கே."

இருந்தது. கிருமியைக் கொல்ல மருந்து வந்துவிட்டது. தொற்று நோயாளி என்று கட்டிய பட்டையைக் கழற்ற இன்னும் உத்தரவு வரவில்லை.

இதே ஆஸ்பத்திரியில் விழிப்புணர்வு நாள் கொண்டாடியிருக்கிறார்கள். தொட்டால் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது, ரத்தம் கலந்தால்தான் தொற்றும் என்று டைரக்டர் முழங்கினார். போட்டோவுக்காக, குணமானவள் என்று இன்சாஃபை மேடையேற்றிக் கைகுலுக்கினார். கைதட்டல் அடங்கியபோது திரைக்குப் பின்னால் குழாய் திறக்கும் ஓசை கூடம் முழுக்கக் கேட்டது. சட்டையில் குத்திய மைக்கை அணைக்க மறந்திருந்தார். சோப்பு வைக்காதவனைத் திட்டியதும் நன்றாகக் கேட்டது. வீடு வரும் வழியெல்லாம் இன்சாஃப் சிரித்தாள். வந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

கடைசி நாட்களில் அவள் நினைவு இங்கே இல்லை. ஈரல் வடிகட்டாமல் விட்ட விஷம் தலைக்கு ஏறி, காலங்களைக் கலைத்துப்போட்டிருந்தது. வார்டின் வெள்ளைச் சுவர் அவளுக்குப் பள்ளிக்கூடக் காலத்துப் பருத்தி வயலானது. குளுக்கோஸ் சொட்டுவது வாய்க்கால் மதகில் நீர் ஒழுகுவதானது. யார் அருகே வந்தாலும் சட்டைக் கையை மேலேற்றி வலது கையை நீட்டுவாள்.

"என் முறை வந்துருச்சா?"

நாஹித்துக்கு அந்தக் கதை தெரியும். வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பில்ஹார்சியா புழு இருந்த காலம். சுகாதார வண்டி வந்து முசுக்கொட்டை மரத்தடியில் நிற்கும். வரிசை முழுவதற்கும் ஒரே ஊசி. குத்திக்கொண்டால் ஒரு ஆரஞ்சு. புழு போயிற்று, கிருமி வந்தது. "அன்னைக்கு என் கையை எவ்வளவு அன்பாப் பிடிச்சாங்க தெரியுமா, கையுறைகூட இல்ல," என்பாள் இன்சாஃப். இப்போது நீட்டிய கையைக் கண்டு நர்ஸ்கள் ஒதுங்கிப் போனார்கள்.

நேற்று மாலை ஒரு கணம் தெளிந்தாள். "உரமூட்டை மாதிரி கட்டி அனுப்பிடாதே. குளிப்பாட்டறவ வெறுங்கையால குளிப்பாட்டட்டும். அது போதும் எனக்கு." பிறகு மீண்டும் கையை நீட்டினாள். காலையில் உயிர் போனபோதும் கை நீட்டியபடியே இருந்தது. ஸிப்பை ஏற்ற அந்த ஊழியன் பட்ட பாடு அதனால்தான்.

ஆம்புலன்ஸ் ஊருக்குள் நுழைந்தபோது பனிமூட்டம் வயல்களை விழுங்கியிருந்தது. பேரீச்ச மரங்களின் கொண்டைகள் மட்டும் வேர் இல்லாமல் மிதந்தன. வண்டிக்கார மகராசன் டீக்கடையில் நிறுத்தி என்ன நோய் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். ஆகவே, ஊரில் இறக்கும் பெண்களின் மய்யித்துகளையெல்லாம் குளிப்பாட்டும் கவ்கப் வந்தபோது, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கையுறைகள் மாட்டி, வாயில் துணி கட்டியிருந்தாள். உறையை நாஹித்தே சமையல் கத்தரியால் வெட்டித் திறந்தாள். சிவப்புப் பட்டையையும் வெட்டினாள்.

"சித்தி, அம்மா கேட்டது ஒண்ணுதான். கையுறையைக் கழட்டுங்க."

"நான் இன்னும் பத்துப் பேரைக் குளிப்பாட்டணும்டி. பயப்பட எனக்கும் உரிமை இருக்கு," என்றாள் கவ்கப். "ஊத்து."

கவ்கப் பலகையைத் தட்டி, பிஸ்மில்லா சொல்லித் தொடங்கினாள். நாஹித் வெந்நீர் ஊற்றினாள். அதில் போட்டிருந்த இலந்தை இலையின் வாசனை எழுந்தது. ஆவியில் அறை கரைந்து, தாய் தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பதுபோலத் தெரிந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது, நீட்டிய கை மட்டும் மடங்கவில்லை. ரப்பர் வழுக்கியது.

"ஏன்டி இப்படி நீட்டிட்டுப் போயிருக்கா?"

நாஹித் சொன்னாள். மரம், ஊசி, வரிசை, முறை வந்துருச்சா என்ற கேள்வி.

கவ்கப்பின் வாயில் கட்டிய துணி உள்ளே போய் வெளியே வந்தது.

"அவளுக்கு அடுத்து நின்னது நான்," என்றாள் பிறகு. "அவ கையிலேருந்து உருவின ஊசியை அப்படியே என் கையில குத்தினான். நான் கத்தப் போனேன், அவ தன் ஆரஞ்சைத் தூக்கி என் வாயில திணிச்சா."

நாஹித் செம்பைக் கீழே வைத்தாள்.

"பரிசோதன பண்ணிக்கோடின்னு உங்கம்மா வருஷாவருஷம் வந்து நிப்பா. மாட்டேன்னுட்டேன். எனக்கும் அந்தப் பட்டையைக் கட்டிட்டா, அப்புறம் எவ என்னை மய்யித்துக்குக் கூப்பிடுவா?"

வெளியே, எடுத்துப்போகக் காத்திருந்த ஆண்கள் இருமினார்கள். கவ்கப் முதல் கையுறையை உரித்தாள். இரண்டாவது ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தாள். வாய்த் துணி அதற்கு முன்பே கழுத்துக்கு இறங்கியிருந்தது. வெறுங்கையால் இன்சாஃபின் தோளிலிருந்து முழங்கைவரை, முழங்கையிலிருந்து பட்டை இருந்த இடம்வரை நீவிவிட்டாள். அவசரமே படவில்லை. கை மெல்லத் தளர்ந்து பக்கவாட்டில் வந்து படுத்தது.

கூந்தலை மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் விட்டார்கள். மிச்சம் இருந்தது கடைசியாக ஊற்றும் கற்பூரத் தண்ணீர்.

கவ்கப் தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, இன்சாஃபின் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டாள்.

"பாத்துட்டு நிக்காத. ஊத்து."

நாஹித் ஊற்றினாள். தாயின் கை மேல் விழுந்த தண்ணீர் அங்கே நிற்காமல் அதை ஏந்திய கைக்கும் இறங்கி, முழங்கை வழியாகச் சொட்டியது.