மஞ்சள் கோடு போட்ட சுங்காய் பஸ்

12 மார்ச் 1987, வியாழன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சின்னது என்றுதான் எழுதுகிறேன். என்னோடு படிக்கும் பல்கீஸ் அப்படிச் சொல்லமாட்டாள்.

ஞாயிறு எங்கள் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பைப் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். அன்று காட்டுவதற்காக பல்கீஸ் இரண்டு வாரமாக ஈப்போவிலிருந்து புறப்படும் பஸ்களின் நேர அட்டவணையைக் கம்ப்யூட்டரில் தயாரித்து வந்தாள். பதினோரு ஊர்கள். ஊர்ப்பெயர்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று டிஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

எடிட்டரில் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்ன அம்புக்குறி, ஒரு சதுர அடைப்புக்குறி, இரண்டு எண்கள், ஓர் எம் எழுத்து. பெயருக்குப் பின்னாலும் அதே போல் ஒன்று. டிஸ்க் கெட்டுப்போய் ஒட்டிக்கொண்ட குப்பை என்று நினைத்தேன். ரப்பர் எஸ்டேட்டில் அம்மாவோடு பால் வெட்டப் போகும்போது வாளிப் பாலில் மிதக்கும் இலையையும் பட்டைச் சீவலையும் எடுத்துப்போடுவது என் வேலையாக இருந்தது. பால் நிறுக்கும் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி பார்த்தால் திட்டுவார். கை அப்படியே பழகிவிட்டது. ஒவ்வொன்றாக அழித்தேன். முதல் ஆறு ஊர்களுக்கு, எந்த வரியில் எதை எடுத்தேன் என்று நோட்டில் குறித்தேன். பிறகு, குப்பைக்கு எதற்குக் கணக்கு என்று விட்டுவிட்டேன். பழைய ஃபைலின் மேலேயே சேமித்தேன்.

பல்கீஸ் வந்து, வகுப்பில் இருக்கும் ஒரே கலர் கம்ப்யூட்டரில் அதை ஓட்டினாள். எல்லா ஊரும் வெள்ளையாக வந்தன.

"நவமணி, என்னா பண்ணின?"

"குப்பை மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"அதுதான் கலர் லா! ஒவ்வொரு ஊருக்கும் நான் போட்ட கலர்!"

பின்வரிசையிலிருந்து அப்பாவு எட்டிப் பார்த்தான். லாரி கம்பெனியில் கிளார்க். வாய் சும்மா இருக்காது. "சலவைக்குப் போட்டுட்டாங்க லா. நல்லா வெளுத்துருக்கு."

பல்கீஸ் சிரிக்கவில்லை. டிஸ்க்கை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். மற்ற நாட்களில் பஸ் நிலையம் வரை இருவரும் சேர்ந்து நடப்போம். ஈப்போவுக்கு வந்து இந்த எட்டு மாதத்தில், தொழிற்சாலையிலும் வாடகை அறையிலும் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதையாவது பேசும் ஆள் அவள் ஒருத்திதான். இன்று தனியாக நடந்தேன். தூரம் அதிகமாகத் தெரிந்தது.

13 மார்ச், வெள்ளி

பல்கீஸ் வரவில்லை. வெள்ளிக்கிழமை வாப்பாவின் சாப்பாட்டுக்கடையில் கல்லாவில் இருப்பாள். அதனால்தான் வரவில்லை என்று நாலைந்து முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நோட்டில் இருந்த ஆறு ஊர்களுக்கும் குறிகளைத் திரும்பப் போட்டேன். செமோருக்குப் பச்சை, 32. காம்பாருக்குச் சிவப்பு, 31. முடிவில் சுழியம் போட்டு மூடாவிட்டால் அந்த நிறம் அடுத்த ஊருக்கும் வழிந்துவிடும் என்று கையேட்டில் படித்தேன்.

எடிட்டரில் குறி தெரிகிறது, நிறம் தெரியவில்லை. ஃபைலை அப்படியே ஸ்கிரீனில் காட்டும் டைப் கட்டளை கொடுத்தால் நிறம் தெரியும், திருத்த முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் நான் அதைக் குப்பை என்று நினைத்திருக்கமாட்டேன். ஆகவே வகுப்பில் படித்த பேசிக் மொழியில் ஒரு சின்ன எடிட்டர் எழுதினேன். ஃபைலை எழுத்தெழுத்தாகப் படிக்கும். அம்புக்குறி வந்தால் அதைக் காட்டாமல், எண்ணிலிருந்து முப்பதைக் கழித்து அந்த நிறத்துக்கு மாறும். வரியைத் திருத்திச் சேமிக்கவும் முடியும். நூற்றுப் பத்து வரிகள். ஐந்து முறை நின்றது, ஆறாம் முறை ஓடியது.

என் கம்ப்யூட்டரின் ஸ்கிரீன் பச்சை மட்டும்தான். குறிகள் மறைந்தன. ஆனால் காம்பாருக்குக் கீழே ஒரு கோடு விழுந்தது. ஸ்கிரீன் கோளாறாக இருக்கும் என்று விட்டேன்.

கலர் கம்ப்யூட்டருக்கு நேரம் பதியும் தாளில் பெயர் எழுதினேன். நாளை ஐந்தரை முதல் ஆறு வரை.

14 மார்ச், சனி

மீதி ஐந்து ஊர்களின் நிறத்தை பல்கீஸிடம்தான் கேட்க வேண்டும். அரை நாள் வேலை முடிந்து கடைக்குப் போனேன். எதிர்ச்சாலையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய் டீ சொன்னேன்.

"டீ குடிக்கவா இவ்வளவு தூரம் வந்த?" கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அஞ்சு ஊருக்குக் கலர் தெரியல. திரும்பப் போடணும்."

ஒரு பில்லின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதினாள். நான்கு ஊர்கள்தான் இருந்தன.

"சுங்காய்?"

"அது உனக்குத் தெரியாதா? உங்கம்மாவும் அண்ணனும் சுங்காய் எஸ்டேட்ட விட்டுக் கிள்ளானுக்குப் போனப்ப ஏறின பஸ்ல மஞ்சக் கோடு இருந்துச்சுன்னு நீதானே சொன்ன. அதான் மஞ்சள்."

எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது சொல்லியிருப்பேன். டீயைக் குடித்தேன். ரொம்பச் சூடாக இருந்தது.

"நாளைக்கு வருவியா?"

"பாக்கலாம் லா. ஏழாம் மேசைக்கு மீ கோரேங் என்னாச்சு!" என்று சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினாள்.

ஐந்தரைக்குக் கலர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மீதிக் குறிகளையும் போட்டு என் எடிட்டரில் திறந்தேன். சிவப்பாக வர வேண்டிய காம்பார் நீலமாக வந்தது. சுங்காய் மஞ்சள் இல்லை, வெளிறிய நீலம். செமோர் மட்டும் சரியாகப் பச்சை. பல்கீஸ் எழுதிக் கொடுத்ததில் தவறா, என் நோட்டில் தவறா? 34 போட்ட ஊர் சிவப்பாக வந்திருந்தது. ஃபைலில் 31ஐ 34 ஆக்கிவிட்டால் காம்பாரும் சிவப்பாகிவிடும். மாற்றியும் விட்டேன். சேமிக்கும் விசையில் விரல் வைத்தபோதுதான் வியாழக்கிழமையும் இப்படித்தான் சேமித்தேன் என்று தோன்றியது.

சேமிக்காமல் வெளியே வந்து டைப் கட்டளை கொடுத்தேன். காம்பார் சிவப்பு. சுங்காய் மஞ்சள். பதினோரு ஊர்களும் அவள் போட்ட நிறத்தில் இருந்தன. தவறு ஃபைலில் இல்லை. நான் பார்க்கும் விதத்தில் இருந்தது. கையேட்டைப் புரட்டினேன். பேசிக் நிறங்களுக்கு வேறு வரிசையில் எண் கொடுக்கிறது. அதில் ஒன்று என்றால் நீலம், பச்சை ஸ்கிரீனில் அது அடிக்கோடாக விழும். நேற்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"முடிஞ்சுதா? ஆறு மணி லா," என்றான் அப்பாவு. பிறகு ஸ்கிரீனைப் பார்த்து, "அட, சாயம் திரும்பி வந்துருச்சே," என்றான். எழுந்து இடம் கொடுத்தேன். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ் நிலையம் வரை சொல்லாமலே நடந்தேன்.

நாளை ஞாயிறு. ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். என் எடிட்டரில் 31க்கு நான்கு, 33க்கு ஆறு, 34க்கு ஒன்று, 36க்கு மூன்று என்று மாற்ற வேண்டும். பல்கீஸின் ஃபைலைத் தொடக்கூடாது. கலர் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட வேண்டும்.