மலையில் பார்த்தவர்கள்

ஏழு இருக்க முடியாது. நாலுதான். நாலும் எனக்கு நினைவிருக்கிறது, கட்டியிருந்த புடவை உட்பட.

சுதா திரையை மறுபடி பார்த்தாள். ஏழு என்றேதான் இருந்தது.

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், அவள் வேலை பார்க்கும் குமரேசனின் கல்யாணத் தகவல் நிலையம். பதினெட்டாயிரம் வரன்கள் அதன் டேட்டாபேஸில் இருந்தன. ஒரு வரனுக்கு ஒரு ஆவணம். பள்ளிப்பட்டுத் தரகர் உயரம் எழுதியிருப்பார், ஆர்.கே.பேட்டைத் தரகர் எழுதியிருக்க மாட்டார். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் வகை டேட்டாபேஸ் அது. ஊர், வயது, நட்சத்திரம் மூன்றுக்கும் சுதா இண்டெக்ஸ், புத்தகத்தின் கடைசியில் வரும் அடைவு போல, போட்டு வைத்திருந்தாள். பொதட்டூர்பேட்டை, இருபத்தாறு, ரோகிணி என்று கேட்டால் உடனே வந்து நிற்கும். இண்டெக்ஸ் இல்லாததைக் கேட்டால் முதல் ஆவணத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். அதனால் கேட்கவும் மாட்டார்கள்.

அப்படிக் கேட்கப்படாமல் கிடந்ததுதான் மலைக் குறிப்பு. இந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் மலைக்கோயிலில். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்ததுபோல வருவார்கள். பிராகாரத்தில் எதேச்சையாகச் சந்தித்துக்கொள்வார்கள். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் அவரவர் படியிறங்கிப் போய்விடலாம், எதுவுமே நடக்கவில்லை. தரகர்கள் மட்டும் பார்த்தவர்கள் ஏன் வேண்டாமென்றார்கள் என்று தேதி போட்டு ஆவணத்தின் அடியில் எழுதிவைத்தார்கள்.

காலையில் குமரேசன் வந்ததும் வராததுமாக அதைத்தான் கேட்டார்.

"ஒரு பொண்ண எத்தினி பேரு மலைல பாத்துட்டு வேணாம்னு போனாங்கன்னு தட்டுனா வரணும்மா. நகரி பக்கத்துப் பார்ட்டிங்க எல்லாம் அதத்தான் கேட்டுகினு கீறாங்க. மூணுக்கு மேல போன பொண்ண எங்களுக்குக் காட்டாதன்றாங்க. சாயங்காலம் ஒரு குடும்பம் வருது."

"பையனுங்களுக்கு சார்?"

"அவனுங்கள யாரும்மா வேணாம்னாங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சுதா வேலையை ஆரம்பித்தாள். டேட்டாபேஸை நகல் எடுத்து, ஒவ்வொரு ஆவணத்திலும் மறுப்புகளை எண்ணி ஒரு புது இடத்தில் எழுதவைத்தாள். ஐந்துக்கு மேல் யார் யார் என்று கேட்டாள். பதினெட்டாயிரத்தையும் திறந்து பார்த்துவிட்டு, நாற்பது நொடி கழித்துப் பதினொரு பேரைக் கொடுத்தது. அந்த எண்ணிக்கையின் மேல் இண்டெக்ஸ் போட்டு அதையே திரும்பக் கேட்டாள். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். திறந்து பார்த்த ஆவணங்களும் பதினொன்றுதான். அந்தக் கச்சிதத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஒன்பதாவது பெயரைப் படிக்கும்வரை இருந்தது.

அது அவளுடைய பெயர். ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய நைனா கொடுத்த பதிவு. அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடு அது. அவளுக்கு வயது முப்பத்துமூன்று ஆனபின் அவரும் வரன் கேட்பதை விட்டுவிட்டார். பதிவை எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கீழே டீ குடித்துக்கொண்டிருந்த தரகர் பங்காருவை மேலே கூப்பிட்டாள்.

"என் பேர்ல ஏழு போட்டிருக்கீங்களே, பங்காருண்ணா."

"ஆங், ஏழுதான். இன்னா, கம்மியா கீதா?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு."

பங்காருவின் சிரிப்பு நின்றது. காதைச் சொறிந்துகொண்டார். "உங்க நைனாதான் சொல்ல வேணாம்னாரு. பொண்ணு மனசு ஒடஞ்சி கீது, அது பாட்டுக்கு சாமி கும்புடட்டும், அவங்க பாட்டுக்குப் பாத்துட்டுப் போவட்டும்னாரு. உனுக்கு ஒண்ணியும் தெரியல இல்ல? அப்ப நாங்க சரியாத்தான் பண்ணிக்கீறோம்."

"வேலூர்க்காரர நான்தானே வேணாம்னேன்? அதையும் அவங்க வேணாம்னு சொன்ன மாதிரி எழுதியிருக்கீங்க."

"பொண்ணு வேணாம்னுச்சின்னு எழுத ஃபாரத்துல ஏதும்மா எடம்?"

அவர் போன பிறகு அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை போனாள், திரும்பினாள். மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள். கிருத்திகைக் கூட்டம், காவடிக்காரர்கள் கீழே மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தெரியாத மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதினாள். இரண்டைப் பற்றி நினைவில் எதுவும் இல்லை. மூன்றாவது ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து புளியோதரை தின்ற நாள். நைனா குரங்குக்குப் பயந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பச்சை வளையல் போட்ட ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "டைம் இன்னாம்மா?" என்று கேட்டாள். சொன்னதற்கு, "நல்லா இரு" என்றாள்.

கல்யாணப் பேச்சே இல்லாமல் மலையேறிய நாள் என்று அதை இத்தனை வருடம் தனியாக வைத்திருந்தாள். வேலையில் மனம் சலித்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்த நாள்.

அந்தத் தேதிக்கு எதிரே பங்காரு எழுதியிருந்தார்: பெண் சத்தமாகச் சிரிக்கிறாள்.

சுதா மற்றப் பத்துப் பெயர்களைப் படித்தாள். உதயா, பள்ளிப்பட்டு, இருபத்துநான்கு, ஆறு. இந்தப் பெண்ணுக்கு எத்தனை தெரியும்? இரண்டா, மூன்றா? இன்று சாயங்காலம் நகரியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆறும் தெரிந்துவிடும். அவளை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள். ஏன் யாரும் வருவதில்லை என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

ஒரு காரணம் தேடினாள். சர்வர் தாங்காது என்று சொல்லலாம். பொய். குறிப்பெல்லாம் தப்பு என்று சொல்லலாம். நிஜம்தான், ஆனால் திருத்து என்பார், திருத்தினால் ஆறு ஐந்தாகும், அவ்வளவுதான். என் பதிவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுக் கொடுக்கலாம். இந்த யோசனை மற்ற இரண்டையும்விட அதிக நேரம் அவளோடு இருந்தது. அதுதான் அவளைத் திரும்பவும் எழுந்து நடக்கவைத்தது.

நாலு மணிக்குக் குமரேசன் படியேறி வந்தார், நெற்றியில் புது விபூதி.

"இன்னாம்மா சுதா, ஆச்சா? ஸ்டேஷன்ல எறங்கிட்டாங்களாம், ஆட்டோல வந்துகினு கீறாங்க."

"நகல்ல போட்டுப் பாத்தேன் சார். உடனே வருது."

"அப்ப மெயின்ல போட்டுடு."

சுதா நாற்காலியில் உட்கார்ந்தாள். நகலை அழித்தாள். அழிக்கட்டுமா என்று அது ஒருமுறை கேட்டது, ஆம் என்றாள்.

"நான் போடமாட்டேன் சார்."

"ஏன், எதுனா எரர் வருதா?"

"இல்ல சார். நல்லாத்தான் வேலை செய்யுது."

"பின்ன இன்னா? பங்காரு சொன்னான், அதுல உன் பேரும் கீதாமே. அத தூக்கிடு. நானே தூக்கச் சொல்லணும்னு இருந்தேன்."

"என் பேரு இருக்கட்டும் சார்."

குமரேசன் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வெளியே ஆட்டோ ஒன்று நின்ற சத்தம். "வேற ஆள வெச்சிப் போட்டா இன்னா பண்ணுவ?"

"போடுங்க சார்," என்றாள் சுதா. குரல் உயரவில்லை. "நான் போடமாட்டேன்."