ஹெலெத் டீச்சர் தரையில் நின்ற ஆறு வாரங்கள்

கவிதையில் நல்ல வரி ஒன்று அமைந்துவிட்டால் ஹெலெத் டீச்சர் தரையிலிருந்து நான்கு விரற்கடை எழும்பிவிடுவார். முதல் தடவை இது நடந்தது 1998 மார்ச்சில், மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது. பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி, ஆசிரியை நிற்பதில் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். அப்புறம் நான்கு கவிதைத் தொகுப்பு, ஒரு கல்யாணம், ஒரு விவாகரத்து, தீராத முழங்கால் வலி. மிதக்கும்போது மட்டும் வலி இருக்காது.

ஆனால் எங்கள் வேல்ஸில் எத்தனை தொகுப்பு போட்டாலும் நாற்காலி வாங்காதவர் அரைக் கவிஞர்தான். ஆகஸ்டில் நடக்கும் கவிதை விழாவில், யாப்புப் பிசகாத ஒரே ஒரு கவிதைக்குக் கருவாலி மரத்தில் செய்த நாற்காலி பரிசு. புனைபெயரில் அனுப்ப வேண்டும். ஜெயித்தவருக்கு ஆறு வாரம் முன்பே கடிதம் வரும். அவர் மூச்சு விடக்கூடாது. எக்காளம் ஊதும்போது கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து நிற்க வேண்டும். பெயர் முன்னாலேயே வெளியே வந்தால் அந்த வருஷம் நாற்காலி யாருக்கும் கிடையாது. டீச்சர் பதினொரு முறை தோற்றவர். வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை.

கடிதம் வந்த அன்று காலையில் அவர் தலை சமையலறைக் கூரையில் இடித்தது. நான்கு விரற்கடையெல்லாம் பழைய கதை. மிதப்பதே காட்டிக்கொடுத்துவிடும் என்று மத்தியானமே குவாரிப் பக்கம் போய்ச் சிலேட்டுக் கல் பொறுக்கி, கோட்டுப் பைகளில் அடைத்துக்கொண்டார்.

"மிஸ், நீங்க நடந்தா கடகடன்னு கேக்குது."

"முதுகுவலிக்கு வைத்தியம்டா. நீ கணக்கப் பாரு."

கறிக்கடை எம்ரிஸ் ஒரு பெரிய பொட்டலத்தை நீட்டினார். "காத்து ஒரு மாதிரியா இருக்கு டீச்சர். இந்த மாட்டெலும்பையும் கொண்டு போங்க."

"நான் நாய் வளக்கலையே எம்ரிஸ்."

"வளக்கலாம்ல."

அந்த ஆறு வாரமும் ரொட்டிக்கடையில் மாவு மூட்டை இனாமாகக் கிடைத்தது. தேவாலயப் பாட்டுக் குழுவில் தடித்த பெண்கள் மட்டும் டீச்சர் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஊருக்குத் திடீரென்று தன்மேல் பாசம் வந்துவிட்டதாக டீச்சர் நினைத்துக்கொண்டார். கவிஞர்தானே.

விழா நாளில் எக்காளம் ஊதியது. டீச்சர் எழப் பார்த்தார், முடியவில்லை. கல் அப்படி அழுத்தியது. வெளிச்சம் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போயிற்று. யாரும் எழாவிட்டால் பரிசு போச்சு. பக்கத்தில் இருந்த எம்ரிஸ் குனிந்து, "கல்ல எடுத்துக் கீழ போடுங்க டீச்சர். எங்க எல்லாருக்கும் முதல் நாளே தெரியும்" என்றார்.

ஊரில் இரண்டாயிரம் பேர், ஆறு வாரம், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. டீச்சருக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுதபடியே கல்லை எறிந்தார், எழும்பினார், கொட்டகை உச்சிவரை போனார். நான்கு பேர் காலைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலியும் கிளம்பிவிட்டது.

இப்போது அது மூன்றாம் வகுப்பில், தரைக்கு ஒரு முழம் மேலே நிற்கிறது. அடியில் விளக்குமாறு தாராளமாகப் போகிறதாம்; மற்ற நாற்காலிகளையும் இப்படிச் செய்து தரச் சொல்லி, பள்ளியைக் கூட்டுகிற ப்ளோத்வென் மனு கொடுத்திருக்கிறாள்.