முதுகுப்பக்க அடி

ஞாயிற்றுக்கிழமைகளில் டெல்பர்ட் மதியச் சாப்பாட்டுக்குப் போகமாட்டான். சிறையில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் தொலைபேசி வரிசை சின்னதாக இருக்கும். அந்தப் பக்கம், கிரீன் பே நகரில், அவன் மகள் ஜோலீன் சமையலறை மேசையில் பகடைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அவன் உள்ளே வந்தபோது அவள் நடை பழகும் குழந்தை. இப்போது ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் தன் தோழிகளோடு ஆடும் விளையாட்டைத்தான் அவனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும்.

"எனக்கு ஒரு வாள்காரனைக் குடு ஜோ. நல்ல இரும்புக் கவசத்தோட," என்று முதல் நாள் கேட்டான்.

"வாள்காரன் ஊர்ல எல்லாருக்கும் இருக்கான்ப்பா. உனக்குத் திருடன். சின்ன ஆளு, பேரு பிம். நேருக்கு நேர் நின்னா ரெண்டு அடியில செத்துருவான். ஒளிஞ்சு நின்னு பின்னாடி அடிச்சாத்தான் பொழைப்பான்."

டெல்பர்ட் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, சரி என்றான்.

விதிப் புத்தகத்தை உள்ளே அனுமதிக்கமாட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல மனதில் ஏற்றிக்கொண்டான். எதிராளி பார்க்கவும் கூடாது, காதில் சத்தம் விழவும் கூடாது. அப்போதுதான் திருடனின் அடிக்கு இரட்டிப்பு வலு. அடித்த கணமே அவன் இருக்குமிடம் தெரிந்துவிடும். வெளிச்சத்தில் ஒளிய முடியாது. மறுபடி அடிக்க வேண்டுமானால் மறுபடி இருட்டைத் தேடித்தான் ஓட வேண்டும். சிறையில் படுக்கையில் கிடந்தபடி வாரம் முழுக்க அவன் இதையே யோசித்துக்கொண்டிருப்பான். வேறு யோசிக்க என்ன இருந்தது.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று இயந்திரக் குரல் வழக்கம்போலச் சொல்லி முடித்தது. ஜோலீன் கதையை எடுத்தாள்.

"கோட்டை வாசல்ல ஒரு காவலாளி. கையில தீவட்டி. என்ன பண்ற?"

"காவல் மாறுற வரைக்கும் காத்திருக்கேன். புதுசா வர்றவன் தீவட்டிய மாட்டத் திரும்புவான்ல? அப்ப பின்னாடி போயி கழுத்துல."

"காலடிச் சத்தம் கேட்டுருச்சுன்னா?"

"செருப்பக் கழட்டிட்டுத்தான் போறேன்."

அவள் சிரித்தாள். பகடை மேசையில் உருளும் சத்தம் அவனுக்குக் கேட்டது. "இருபதுப்பா. இதுக்கு மேல விழ முடியாது. அவன் மூச்சுகூட விடாம செத்தான். சாவி இடுப்புல இருக்கு, எடுத்துக்க."

அவன் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

அந்த வாரத்திலேயே அவனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மேசைக்குப் பின்னால் சிறைக் காவலர்களின் தலைவர் கேப்டன் ஹால்வர்சன். அழைப்பின் எழுத்துப்படியை நிதானமாக வாசித்தார்.

"காவல் மாறுற நேரம். பின்னாடி போயி கழுத்துல. சாவிய எடுத்துக்க. என்ன சொல்ற?"

"விளையாட்டு சார்."

டெல்பர்ட் ஒன்று விடாமல் விளக்கினான். வெளிச்சம், சத்தம், இரட்டிப்பு அடி எல்லாம்.

"சின்ன வயசுல நானும் ஆடியிருக்கேன். எனக்குக் கோடாலிக்காரன். ஒளியிற வேலையெல்லாம் அவனுக்கு ஆகாது," என்றார் கேப்டன் கடைசியில்.

டெல்பர்ட்டுக்கு உயிர் வந்தது. "அப்ப உங்களுக்கே தெரியுமே சார்."

"எனக்குத் தெரியும். நாளைக்கு இங்க ஒரு காவலருக்குக் குத்து விழுந்தா, இந்தக் காகிதத்தைப் பாத்துட்டு நீ என்ன பண்ணுனன்னு என்னைத்தான் கேப்பாங்க." கோப்பைப் புரட்டினார். "நீ எதுக்கு உள்ள வந்த?"

"ஒரு ஆளக் குத்தினேன். மதுக்கடை வாசல்ல."

"உடம்புல எங்க குத்தின?"

டெல்பர்ட் தரையைப் பார்த்தான். "முதுகுல."

கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

தனி அறையில் போட்டார்கள். ஒரு வருடத்துக்குத் தொலைபேசி இல்லை. இடையில் என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தடை முடிந்து முதல் அழைப்பு போட்டபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஜோ, நான்தான்."

"ம்."

"எப்படி இருக்க?"

"காப்பகத்துக்கே ரெண்டு அதிகாரிங்க வந்து விசாரிச்சாங்க. எல்லாரும் பாத்தாங்க."

"விளையாட்டுன்னு சொல்லியிருப்பியே."

"சொன்னேன். அதில்லப்பா. உன் கேஸ் காகிதத்தை எங்கிட்டக் காட்டினாங்க. சண்டையில நடந்துபோச்சுன்னுதான் அம்மா சொல்லியிருந்தா. அந்த ஆளு கார்க் கதவத் திறந்துக்கிட்டு இருந்தானாமே. உன்னைப் பாக்கவே இல்லையாமே."

சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. குடித்திருந்தது, அந்த ஆள் அதற்கு முன் மிரட்டியது, எல்லாம் கோர்ட்டில் சொல்லி எடுபடாமல் போனவை.

"பாக்கல," என்றான்.

"பின்னாடி எப்படிப் போகணும், எங்க குத்தணும்னு வாராவாரம் உனக்கு நான்தான் சொல்லிக்குடுத்திருக்கேன்."

"நீ என்ன பண்ணுவ ஜோ. உனக்குத் தெரியாதுல்ல."

"உனக்குத் தெரியும்ல."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை; காப்பகத்துக்கு விடுமுறை. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த சில வாரங்கள் மணி அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை. அப்புறம், அந்த எண் இங்கிருந்து வரும் அழைப்புகளை ஏற்பதில்லை என்று இயந்திரக் குரல் சொன்னது. அவன் அதன் பிறகு வரிசையில் நிற்கவில்லை.

வசந்தத்தில் புதிதாக வந்த சில இளைஞர்கள் பொதுக்கூடத்தில் அதே விளையாட்டை ஆடத் தொடங்கினார்கள். பகடைக்குத் தடை என்பதால் சீட்டுக்கட்டை வைத்துச் சமாளித்தார்கள். ஒருநாள் அவன் அவ்வழியே போகையில் ஒருவன் கூப்பிட்டான்.

"அண்ணே, நீங்க ஆடுவீங்கன்னு சொன்னாங்களே. ஒளிஞ்சிருந்து ஒரு தடவை அடிச்சுட்டா, அதே எடத்துல இருந்து மறுபடி அடிக்கலாமா?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டு டெல்பர்ட் நடந்தான். அடிக்கலாம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு அடுத்த சீட்டைப் புரட்டினார்கள்.