தொப்புளில் ஒரு சொட்டு

அந்த மிஷினை முதல் நாள் பார்த்தபோதே கங்கையம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், தலைமாட்டில் கனத்த இரும்புக் கதவு. மனுஷனைப் படுத்த வாக்கில் உள்ளே தள்ளி, கதவை முறுக்கிப் பூட்டி, ஆக்சிஜனை ஏற்றி ஒன்றரை மணி நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். வெளியே இருப்பதைவிட உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் என்றார்கள். அழுத்தமோ என்னவோ, உயிரோடு இருக்கிறவரை இப்படிப் பெட்டியில் போட்டு மூடலாமா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஆனால் போட்டுத்தான் ஆக வேண்டும். அவள் புருஷன் துளசிங்கம் குரோம்பேட்டையில் எவர்சில்வர் தட்டு அடிக்கிற பட்டறையில் பதினெட்டு வருஷம் பிரஸ் ஓட்டியவர். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் அந்த பிரஸ் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் அங்கேயே போயின. மிச்சமிருந்த கையில் எலும்பு தெரிந்தது. தாம்பரம் போகிற வழியில் இருந்த இந்த ஆஸ்பத்திரியில் எலியேசர் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் அடிவயிற்றுத் தோலைப் பாதி அறுத்து, கையை அதற்குள் செருகித் தைத்தார். மூன்று வாரம் கையும் வயிறும் ஒட்டியபடி துளசிங்கம் கிடந்தார். பிறகு பிரித்தார்கள். பிரித்த மூன்றாம் நாள், புதுத்தோலின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது.

கறுப்பு உள்ளே இறங்கினால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அந்த இரண்டு விரலும் போனால் கை என்று பேருக்கு ஒன்று தொங்கும், அவ்வளவுதான். பிரஸ் ஓட்டுவது இருக்கட்டும், சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கக்கூட முடியாது. இந்த மாதிரி ஒட்டின தோல் சாகாமல் இருக்க ஆக்சிஜன் எவ்வளவு கைகொடுக்கிறது என்று டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். துளசிங்கத்தை அதில் சேர்த்துக்கொண்டார். தினம் ஒன்றாக இருபது தடவை உள்ளே போக வேண்டும். ஆராய்ச்சியில் இருக்கிற வரைக்கும் காசு கட்ட வேண்டாம். நர்ஸ் ஒரு ஃபாரத்தைப் பார்த்துச் சட்டம் படித்துக் காட்டினாள். நைலான் துணி கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. கங்கையம்மாள் அதில் ஒரு இம்மியும் பிசகவில்லை. பன்னிரண்டு நாளாக அவர் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை.

தொப்புளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாளே துளசிங்கம், "உள்ள காத்து ஏற ஏற ஒடம்பு கொதிக்குதுமே" என்றார். நான்காம் நாள் வாயில் புண் வந்தது. நீர் கடுத்தது. வெளியே வெயில் வேறு சும்மா இல்லை, கத்திரி பிறந்துவிட்டது. இதற்கு டாக்டரைக் கேட்பானேன்? சூட்டுக்கு என்ன செய்வது என்று மாடம்பாக்கத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் விளக்கெண்ணெய் நிரப்பிக் கொண்டுவந்தாள். தினம் காலையில் காபி கொடுத்த கையோடு, அவர் தொப்புளில் ஒரு சொட்டு விட்டு, கால் பெருவிரல் நகம் இரண்டிலும் தடவிவிட்டாள். வாய்ப்புண் ஆறியது. கை ஓரத்துக் கறுப்பும் அதற்கு மேல் பரவாமல் நின்றது. அதிலும் தன் எண்ணெய்க்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

பன்னிரண்டாம் நாள் துளசிங்கம் உள்ளே போய் அரை மணி ஆகியிருந்தது. கங்கையம்மாள் வழக்கம்போலக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மிஷினைப் பார்த்துக்கொள்கிற சிட்டிபாபு அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். நல்ல பிள்ளை, கேட்டதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வான். பொழுது போக வேண்டுமே என்று அவள்தான் வாயைக் கொடுத்தாள்.

"இன்னா தம்பி, அந்தாளு மண்டையப் பாரு, தேங்கா நாரு மாதிரி கீது. தலைக்கு ஒரு சொட்டு எண்ணெ வெச்சா இன்னா ஆயிடும்?"

"இன்னா ஆயிடுமா?" சிட்டிபாபு பேனாவை மூடினான். "அக்கா, உள்ள கீறது முழுக்க ஆக்சிஜன். அதுல எண்ணெப் பசை இருந்து, ஒரு சின்னப் பொறி பட்டா போதும். கரண்ட்டுகூட வேணாம், துணி ஒரசினாலே சில சமயம் பொறி வரும். குப்புனு புடிச்சிக்கும். நம்ம கதவத் தொறக்கறதுக்குள்ள..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அதெல்லாம் ஆவாதுக்கா. அதுக்குத்தான் இவ்ளோ செக்கிங்கு. டாக்டரு இதுல ரொம்ப கண்டிப்பு. போன மாசம் ஒருத்தரு துணிக்குள்ள தீப்பெட்டி வெச்சிருந்தாரு. அன்னிக்கே டாக்டரு ஆராய்ச்சிலேர்ந்து அந்தாளு பேர அடிச்சிட்டாரு. அப்பால அவருக்கு ரெண்டு வெரலு போச்சின்னு கேள்வி."

கங்கையம்மாள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

கண்ணாடிக்குள்ளே துளசிங்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வெள்ளைப் பருத்தி அங்கி, கட்டுப்போட்ட வலது கை பக்கத்தில், கால் இரண்டும் அங்கிக்கு வெளியே. காலையில் அந்த நகத்தில் அவள்தான் தேய்த்தாள். தொப்புளில் ஒரு சொட்டுக்கு இரண்டு சொட்டாகவே விட்டிருந்தாள், வெயில் அதிகம் என்று.

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள். இன்னும் எட்டுத் தடவை பாக்கி. அது இல்லாவிட்டால் கறுப்பு இறங்கும், விரல் போகும். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே? இன்னும் ஒரு மணி நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், நாளையிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவி அனுப்பிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படி ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு ஒன்றுமே சொல்லவில்லை, குப்பென்று பிடிக்கிறதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூடப் போகவில்லை. மறுபடி பார்த்தாள். முள் செத்துக் கிடந்தது. தெய்வத்தைக் கூப்பிடலாம் என்றால் எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மின்சார ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அதற்கே அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல தம்பி." உட்கார்ந்தாள்.

அப்போது உள்ளே துளசிங்கம் கண்ணைத் திறக்காமலே இடது கையைத் தூக்கி, அங்கிக்கு மேலேயே வயிற்றைச் சொறிந்தார். சரியாகத் தொப்புள் இருக்கிற இடத்தில் பரக் பரக்கென்று சொறிந்தார். துணி உரசியது.

"எறக்கு!" என்று கங்கையம்மாள் கத்தினாள். "தம்பி, அந்தாள வெளிய எடு! எண்ணெ கீதுப்பா! தொப்புள்ள எண்ணெ வெச்சுட்டேன், கால்ல வெச்சுட்டேன். நான்தாம்பா வெச்சேன்!"

சிட்டிபாபு ஒரு கணம் அவளையே பார்த்தான். வால்வைத் திருப்பினான். மறு கையில், உள்ளே இருப்பவரோடு பேசுகிற ஃபோனை எடுத்தான். "அண்ணே, துளசிங்கண்ணே, நான் சொல்றத மட்டும் கேளுங்க. வயித்துலேர்ந்து கைய எடுங்க. கைகால அசைக்கவே கூடாது. மூச்ச மட்டும் அடக்காதீங்க, வாயத் தொறந்து வெச்சிகினு வுட்டு வுட்டு இழுங்க."

"சீக்கிரம் தம்பி."

"சட்டுனு எறக்கினா நெஞ்சு வெடிச்சிரும்க்கா. கொஞ்சம் சும்மா இருங்க."

புஸ்ஸென்று காற்று இறங்குகிற சத்தம் கேட்டது. துளசிங்கம் கண்ணை அகல விழித்துக்கொண்டு கண்ணாடி வழியாக அவளைத் தேடினார். அவள் இரண்டு கையாலும் சைகை காட்டினாள். என்ன சைகை என்று அவளுக்கே தெரியவில்லை. திடீரென்று குழாய்க்குள் வெள்ளையாக ஏதோ கிளம்பியது. கால்மாட்டிலிருந்து சுருண்டு வந்து அவர் இடுப்பை மறைத்தது, மார்பை மறைத்தது, கடைசியில் முகத்தையும் மறைத்துவிட்டது.

"பொகை! ஐயோ, பொகை வருது! எரியுது தம்பி!"

கண்ணாடியைக் கையால் அறைந்தாள். சிட்டிபாபு அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "பொகை இல்லக்கா. பனி, வெறும் பனி. வேகமா எறக்கினா குளுந்து இப்படி மூடிக்கும். பாருங்க, அவரு இருமறாரு, கேக்குதா?"

கேட்டது. இருமல் கேட்டது. அந்த இருமலை விட இனிமையான சத்தத்தை அவள் ஆயுசில் கேட்டதில்லை. ஆனாலும் கதவு திறந்து, அவர் கால் வெளியே வந்து, அதைத் தொட்டுப் பார்க்கிறவரை அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கால் சில்லென்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

துளசிங்கத்தின் முகம் வெளுத்திருந்தது. "இன்னாமே, கைய எடுக்கப் போறாங்களா? அதுக்குத்தான் பாதியில எறக்கினாங்களா?"

"இல்லய்யா. எண்ணெ. எண்ணெ வெச்சதச் சொல்லிட்டேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கோபத்தில் குரலே உடைந்தது. "அதப் போயி ஏன்டி சொன்ன? எண்ணெ கூடாதுன்னு சிட்டிபாபு மொத நாளே எனக்குச் சொல்லிட்டாரு. நீ ஆசையா தேச்சு வுட்ற, வேணாம்னா உன் மனசு நோவும்னு வுட்டேன். தெனம் உள்ள வர்றதுக்கு முன்னாடி லுங்கியால காலத் தொடச்சிகினுதான் வருவேன். வாயக் குடுத்து என் கையப் போக்கிட்டியே!"

கங்கையம்மாள் அவர் காலை விட்டுவிட்டாள். அவர் துடைத்திருக்கிறார். ஒன்றும் ஆகியிருக்காது. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இருபதும் முடிந்து விரலும் பிழைத்திருக்கும். அதற்குள் டாக்டர் எலியேசர் ஓடி வந்திருந்தார். சிட்டிபாபு நடந்ததைச் சொன்னான். டாக்டர் யாரையும் திட்டவில்லை. டிரேயிலிருந்து வெள்ளைப் பஞ்சை எடுத்து, துளசிங்கத்தின் கால் நகங்களை அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தீங்களா சார்," என்றார் துளசிங்கம்.

டாக்டர் அங்கியை விலக்கி, இன்னொரு பஞ்சைத் தொப்புளுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். பஞ்சு மஞ்சளாகப் பளபளத்தது. பிழிந்தால் சொட்டும் போல இருந்தது.

துளசிங்கம் அதைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் தன் விரல் எங்கே சொறிந்தது என்று நினைவு வந்திருக்க வேண்டும். இடது கையை எடுத்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் விடவேயில்லை.

"தொப்புள யாரு நெனச்சா," என்றார் மெதுவாக.

டாக்டர் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சிட்டிபாபு, மேலே வார்டுல இருக்கற நம்ம ஆராய்ச்சி பேஷண்ட்ஸ் எல்லாரையும் கூப்பிடு. மத்த அஞ்சு பேரையும்" என்றார்.

வந்தார்கள். வரிசையாக நிற்க வைத்து வயிற்றைக் காட்டச் சொன்னபோது கூச்சப்பட்டார்கள். ஐந்து பேரில் மூன்று பேருடைய பஞ்சு மஞ்சள். அந்த மூவரில் ஒருவரான சவுரிமுத்துவின் மனைவி ஞானம்மாள், கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, "சூட்டுக்கு வெச்சேன் சார்" என்றாள்.

"யாரும்மா வைக்கச் சொன்னது? இந்தம்மாவா?"

"இதுக்கு யாரு சார் சொல்லணும்?" என்றாள் ஞானம்மாள், நிஜமாகவே புரியாமல்.

மஞ்சள் ஆகாத இரண்டு பேரில் ஒருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இன்னொருவர் மனைவி பிரசவத்துக்குக் கேளம்பாக்கம் போயிருந்தாள்.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, நர்ஸ் படித்துக் காட்டுகிற அந்த ஃபாரத்தை எடுத்தார். "வெளிநாட்டுலேர்ந்து வந்த ஃபாரம் இது. முப்பது கேள்வி இருக்கு. நகப் பாலிஷ் பத்திக்கூட இருக்கு" என்றார், யாருக்கென்று இல்லாமல். சிட்டிபாபுவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நாலு பேர், எத்தனை நாள், எத்தனை தடவை என்று அவர் மனசுக்குள் கூட்டுகிறார் என்று தெரிந்தது. பேனாவைத் திறந்தார், எழுதாமலே மூடினார். படித்த டாக்டரே இப்படித் தடுமாறுவதைப் பார்த்த பிறகுதான், தப்பியது எவ்வளவு என்று கங்கையம்மாளுக்கு முழுசாக உறைத்தது.

"சார், இவரு பேர அடிச்சிராதீங்க," என்றாள். "தப்பு என்னுது. வேணும்னா நான் இந்தப் பக்கமே வரல."

"நாலு பேரை அடிச்சா மீதி ரெண்டு பேரை வச்சு நான் என்னம்மா ஆராய்ச்சி பண்றது?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "கூடாதுன்னு சொன்னோம். ஏன் கூடாதுன்னு உங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை. அது எங்க தப்பு. இப்போ நீங்க சொல்லலைன்னா எனக்கு எப்பவுமே தெரிஞ்சிருக்காது." ஃபாரத்தின் அடியில், தொப்புளில் எண்ணெய் உண்டா என்று தமிழிலேயே எழுதினார். "நாளையிலேர்ந்து கதவு மூடறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் நீங்க பாருங்க. எங்கெங்கே எண்ணெய் வைப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

விரல் பிழைக்குமா என்று அவள் கேட்டாள். தெரியாது, எட்டுத் தடவை முடியட்டும் என்றார்.

மறுநாள் காலை கங்கையம்மாள் புருஷனைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மிஷின் முன்னால் தொப்புள், நகம், உச்சி, காது மடல், அக்குள் எல்லாம் பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். எல்லாப் பஞ்சும் வெள்ளை. மறுபடியும் துடைத்தாள். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது பஞ்சை எடுத்தபோது துளசிங்கம், "தோலு உரியுதுமே, வுடு" என்றார்.

சிட்டிபாபு படுக்கையை உள்ளே தள்ளினான். அது பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால், கங்கையம்மாள் அதன் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வுடுங்க. கதவு மூடணும்."

"வுட்டுட்டேன் தம்பி," என்றாள். கை மட்டும் விடவில்லை.