கடைசிப் பதினொரு குழாய்கள்

பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளருக்கு ஒற்றைத் தலைவலி என்றாலே இளக்காரம். வேலைக்கு மட்டம் போட எல்லோரும் தூக்கிக்கொண்டு வரும் சாக்கு அது என்று நினைத்தார். தொற்று வந்து ஒருவருக்கு இரண்டு பேர் வேலை விழுந்தபின் அந்த இளக்காரம் எரிச்சலாகியிருந்தது.

சளி மாதிரிக் குழாய்களில் எண் ஒட்டும் மேசையில் இருந்தவள் மூன்று மாதமாக விடுப்பே எடுக்கவில்லை. அன்று மதியம் மூன்றரைக்குக் கையைத் தூக்கினாள்.

“சார், நான் கடைசியா ஒட்டின பதினொரு குழாயை நம்பாதீங்க.”

“என்னம்மா சொல்றீங்க? நாலு மணிக்கு மெஷின்ல ஏத்தணும்.”

“கண்ணுல வெளிச்சம் கோணல்மாணலா ஓடுது. நம்பர்ல இடது பாதி தெரியல. இது போனதும் தலைவலி வரும்.”

“இத்தனை நாள் இல்லாம இன்னைக்குப் பார்த்தா வரணும்?”

“அது என்னைக் கேட்டுக்கிட்டா சார் வருது?”

“இந்த மேசைக்கு வேற ஆள் கேட்டு மேல எழுதிருவேன். தெரியும்ல?”

“தெரியும். என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. முதல்ல குழாயைப் பாருங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய் விளக்கை அணைத்தாள்.

அவர் முணுமுணுத்தபடி படிவங்களை எடுத்தார். ஒன்று, சரி. இரண்டு, சரி. ஒன்பது வரை சரி. வேலை கெட்டதுதான் மிச்சம் என்று எழப்போனவர், மீதி இரண்டையும் பார்த்தார்.

மாறியிருந்தன. 4187, 4687. வலது பாதி இரண்டிலும் ஒன்றே. ஒன்று பிரசவ வார்டுத் தாயுடையது. மற்றது முதியோர் இல்லத்துச் சமையல்காரருடையது; மூன்று நாளாகக் காய்ச்சல் என்று படிவத்தில் இருந்தது. இப்படியே போயிருந்தால், தொற்று இல்லை என்ற சீட்டோடு அவர் நாளைக் காலை அடுப்படிக்குத் திரும்பியிருக்கலாம்.

பொறுப்பாளர் பதினொரு குழாய்களையும் இன்னொரு முறை எண்ணினார். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பிழைப்பு போகும் என்று தெரிந்தே, கண் பாதி போன நிலையிலும், எத்தனை என்று கணக்காகச் சொல்லியிருக்கிறாள். பத்து என்று சொல்லவில்லை. பன்னிரண்டு என்றும் சொல்லவில்லை.

குழாய்களைத் திருத்தி இயந்திரத்தில் ஏற்றிவிட்டுச் சாமான் அறைக்குப் போனார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் சுருண்டிருந்தாள். முகக்கவசத்தின் நாடா காதுக்குப் பின்னால் தோலை உரித்திருந்தது.

“மாத்திரை போடலியா?”

“ரெண்டு வாரமா எந்தக் கடையிலயும் வரல. எத்தனை தப்பு?”

“ரெண்டு மாறியிருந்துச்சு. சரி பண்ணியாச்சு.”

மூச்சை விட்டாள். “மேல எழுதுங்க சார். நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

“எழுதத்தான் போறேன். உங்களுக்கு அந்த மாத்திரை வேணும், பக்கத்துல சரிபார்க்க இன்னொரு ஆளும் வேணும்னு! தன் தப்பைத் தானே எண்ணிச் சொல்ற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?”

“சார்.”

“என்னம்மா?”

“கத்தாதீங்க. மண்டை பிளக்குது.”

அதட்டியே பழகிய மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு நுனிக்காலில் வெளியே வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்த அவருக்கு மூன்று முயற்சி வேண்டியிருந்தது.